ஏறிப்போன உருட்டு

16 நவம்பர் 2025, ஞாயிறு. இன்றைய பிழை: முதலாவது டொம்மின் வயரும் மூன்றாவது டொம்மின் வயரும் இடம் மாறிச் செருகப்பட்டிருந்தன. சின்னப் பிழை. கழற்றி மாற்றிப் போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இதை எழுதிவிட்டு, ‘சின்னப் பிழை’ என்ற சொற்களையே தக்ஷிகா பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்டிவிடலாம் என்று பேனாவைக் கொண்டுபோனாள், வெட்டவில்லை. எழுதியதை வெட்டக் கூடாது என்பது கொட்வினின் வகுப்பில் சட்டம். திங்கட்கிழமைதோறும் மாலையில் தோர்ண்டன் ஹீத்தில் நடக்கும் ட்ரம்ஸ் வகுப்பு அது. தேதியைப் போடு, அன்றைய பிழையை முதலில் எழுது, முடிவில் நாளைக்கு என்ன செய்யப்போகிறாய் என்று எழுதிக் கொப்பியை மூடு. “பிழை இல்லாத நாளெண்டு ஆராவது எழுதிக்கொண்டு வந்தா, அண்டைக்கு அவர் தடியையே தொடேல்லை எண்டுதான் நான் நினைப்பன்” என்று முதல் நாளே கொட்வின் சொல்லியிருந்தார்.

பிழை சின்னதுதான்; ட்ரம்ஸில் வரிசையாக நிற்கும் டொம் என்கிற மூன்று மேளங்களில் இரண்டின் வயர் மாறியது, அவ்வளவுதான். ஆனால் அது நடந்த வெள்ளிக்கிழமைக்கும் அவள் அதைக் கண்டுபிடித்த இன்றைக்கும் நடுவில், சனிக்கிழமை, அவளுடைய அண்ணன் யனுஷன் அந்த ட்ரம்ஸில் வந்து இருந்து, அடித்து, கேட்டு, எழும்பி ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போய்விட்டான்.

யனுஷன் அவளைவிட நான்கு வயது மூத்தவன். கலியாண வீடு, சாமத்திய வீடு என்று லண்டன் முழுக்கத் தமிழ் இசைக்குழுக்களோடு போய் ட்ரம்ஸ் அடித்தவன். இரண்டு வருடங்களுக்கு முன் அவர்களுடைய அப்பப்பா யாழ்ப்பாணத்தில் இறந்துபோனார். சாவு விழுந்த குடும்பத்துக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. அதற்குள் கோயிலும் இல்லை, கொண்டாட்டமும் இல்லை, மேளதாளமும் இல்லை. ஆனால் யனுஷன் செவன் கிங்ஸில் ஒரு கலியாணத்துக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தான். அம்மா சிவனேஸ்வரி தலையால் மண்கிண்டியும் கேட்காமல், துடக்கோடு துடக்காகப் போய் அடித்துவிட்டு வந்தான். சில மாதங்களில் அவனுக்கு நோய் தொடங்கியது. அதற்கு இதுதான் காரணம் என்பதில் அம்மாவுக்கு இன்றுவரை சந்தேகமே இல்லை.

அது தொடங்கிய விதம்தான் வீட்டாரை ஏமாற்றிவிட்டது. தான் அடிக்க அடிக்கக் கீழ்வீட்டுக்காரன் தட்டிப் பதில் சொல்கிறான் என்றான் யனுஷன். நோர்பரியில் அவர்கள் இருப்பது மேல்மாடி வீட்டில். கீழ்வீட்டுக்காரரும் சத்தம் பொறுக்காமல் தும்புத்தடியால் முகட்டைத் தட்டுகிறவர்தான். ஆகவே ஒருவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு அந்தத் தட்டல் அவனுக்கு ரயிலில் கேட்டது. வேலைக்குப் போகிற பஸ்ஸில் கேட்டது. பழைய ட்ரம்ஸை விற்றுவிட்ட பிறகும் கேட்டது. ஒரு நாள் கீழ்வீட்டுக் கதவை உதைக்கப் போய், பொலிஸ் வந்து, ஓகஸ்டில் அவனை மனநோய் வாட்டில் சேர்த்தார்கள்.

அங்கே ஒரு நேர்ஸ் அவனுக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தாள். ஏதாவது கேட்டால் உடனே நம்பவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். நீ நம்புகிற ஒருவரிடம், அவருக்கும் அது கேட்கிறதா என்று கேள். யனுஷன் நம்புகிற ஆளாகத் தங்கச்சியைத் தெரிந்தெடுத்தான்.

“தக்ஷி, ‘ர்ர்ர்’ எண்டு ஒரு சத்தம் உனக்குக் கேக்குதோ?”

“ஃபான் சத்தம். ஓம், கேக்குது.”

“என்ரை பேரைச் சொல்லி ஆரோ கூப்பிடினம்.”

“இல்லை அண்ணா. அது எனக்குக் கேக்கேல்லை.”

“சரி” என்பான். கையிலிருந்த பாரத்தை நிலத்தில் வைத்துவிடுவதுபோல அந்தச் சத்தத்தை அந்த இடத்திலேயே விட்டுவிடுவான். ஒரு நாள், “அங்காலை மேசையிலை ஆரோ மூக்குச் சிந்துகினம்?” என்று கேட்டான். “ஐயோ, அது எனக்கு வேண்டாமெண்டாலும் கேக்குது” என்றாள். வாட்டுக்குப் போன பிறகு அவன் சிரித்தது அன்றைக்குத்தான்.

தக்ஷிகா எதிலும் தன்னை நம்பாதவள். மூக்குக்கண்ணாடிக் கடையில், கண் சோதித்துப் பார்க்கும் வேலை. ‘இது தெளிவா, அதுவா’ என்று கேட்டால் தடுமாறி, இன்னொருமுறை காட்டச் சொல்லுகிறவர்களைத்தான் அவளுக்குப் பிடிக்கும். வீட்டைப் பூட்டிவிட்டுப் பஸ் தரிப்பு வரை போய், பூட்டினேனா என்று திரும்பி வந்து பார்த்த நாட்கள் உண்டு. ஆனால் அண்ணன் கேட்கும் அந்தக் கேள்விக்கு மட்டும் அவள் ஒருபோதும் தடுமாறியதில்லை. கேட்டால் ஓம். கேட்காவிட்டால் இல்லை. அவனைச் சந்தோஷப்படுத்தவென்று ஒருமுறைகூட மாற்றிச் சொன்னதில்லை.

போகப் போக அவனுடைய கேள்விகள் குறைந்தன. செப்டெம்பர் கடைசியில் ஒருமுறை அவள் போய் இருந்துவிட்டு வந்த நேரம் முழுக்க அவன் ஒன்றுமே கேட்கவில்லை. நவம்பர் நடுவில் ஒரு சனி, ஞாயிறு வீட்டில் விட்டுப் பார்க்கலாம் என்றார் டொக்டர். அது நல்லபடி போனால் அடுத்த கிழமையும் விடலாம். அதுவும் சரிவந்தால் கிறிஸ்மஸுக்கு முன் வீட்டுக்கே அனுப்பிவிடலாம்.

யனுஷன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “வீட்டை வந்தா நான் அடிக்கலாமோ? வெளியிலை ஒருத்தருக்கும் கேக்காமல்?”

“ஓம். அதுக்கெண்டு எலக்ட்ரோனிக் ட்ரம்ஸ் இருக்கு. நான் வாங்கி வைக்கிறன்” என்றாள் தக்ஷிகா.

அவன் ஒரு நாள் இப்படிக் கேட்பான் என்றுதான் அவள் செப்டெம்பரிலேயே கொட்வினின் வகுப்பில் சேர்ந்திருந்தாள். ஒரு சாமானை வாங்குவதற்கு முன் அதைப் பற்றிப் படித்துவிட வேண்டும் என்பது அவளுடைய வழக்கம். கொட்வின் மன்னார் ஆள். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் தமிழ்ப் பூசையின் பாடகர் குழுவுக்கு அடிப்பவர். அவள் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, எல்லா ட்ரம்ஸையும் ஒப்பிட்டு எழுதிக் கொண்டுபோய்க் காட்டிய தாளை அவர் மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

“தங்கச்சி, நீர் ட்ரம்ஸ் வாங்கப் போறீரோ, மாப்பிள்ளை பாக்கிறீரோ?”

“எது நல்லதெண்டு எனக்குத் தெரியேல்லை அண்ணை.”

“அடிக்கப் போற ஆளைக் கேளும். அவர் சொல்லுவார்.”

அடுத்தமுறை வாட்டுக்குப் போனபோது கேட்டாள். யனுஷனின் முகம் பழைய முகமாக மாறியதை அவள் அப்போது பார்த்தாள். “ரப்பர் வேண்டாம், வலைத்தோல் போட்டது பார். தடி விழுந்தாத் தோல் திருப்பித் தள்ளோணும். பிறகு, டொம் மூண்டு வேணும். ரெண்டிலை உருட்டு இறங்காது.”

உருட்டு என்பது அவனுடைய பேர்போன அடி. மாப்பிள்ளையும் பொம்பிளையும் மண்டபத்துக்குள் நுழைகிற நேரம் பார்த்து, உச்சக் குரல் டொம்மில் தொடங்கி, நடு டொம்முக்கு வந்து, அடித்தொண்டை டொம்மில் போய் விழுவான். யாரோ குடுகுடுவென்று படியிறங்கி ஓடிவருவதுபோல இருக்கும். அதற்குச் சனம் எழும்பி நிற்கும். உச்சத்திலிருந்து அடிக்கு வருவதுதான் உருட்டு. அதைத் திருப்பி அடித்தால் அதற்குப் பேரும் இல்லை, ஆளும் இல்லை.

அவள் கடையில் போய், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடுவில் வெட்கத்தோடு இருந்து, ஹெட்போனைப் போட்டு ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துத் தெரிந்தெடுத்தாள். வலைத்தோல், மூன்று டொம். கடைக்காரன் வேறொன்றை எவ்வளவு புகழ்ந்தும் அசையவில்லை.

பெடலைப் பற்றி எச்சரித்தவர் கொட்வின். “சத்தம் ஹெட்போனுக்குள்ளை நிண்டிடும். ஆனா பெடல் நிலத்தைக் குத்தும். கீழை இருக்கிறவருக்கு அது இடி.” இரண்டு பலகைகளுக்கு நடுவில் டெனிஸ் பந்துகளை வைத்து ஒரு மேடை செய்து, அதன்மேல் ட்ரம்ஸை நிறுத்தினால் குத்து கீழே போகாது என்றார். அப்பா யோகராஜா பலகையில் வட்டம் வட்டமாக வெட்டிக் கொடுத்தார். அம்மா வந்து வாசலில் நின்று பார்த்தாள்.

“வீட்டிலை இருக்கிற விசர் காணாதெண்டு, தேப்பனும் மகளும் பந்துக்கு மேலை மாளிகை கட்டினமாம்.”

சொன்ன பிறகுதான் என்ன சொல்லை விட்டோம் என்று அம்மாவுக்கு உறைத்தது. ஓகஸ்டுக்குப் பிறகு அந்த வீட்டில் ஒருவரும் பைத்தியத்தைக் குறிக்கும் ‘விசர்’ என்ற சொல்லைச் சொல்வதில்லை. வாயைச் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ட்ரம்ஸ் பெட்டி வந்து இறங்கிய கிழமையிலேயே யாழ்ப்பாணத்திலிருந்து அழைப்பு வந்தது. அப்பாவின் தமையன், விஜயரத்தினம் பெரியப்பா, இறந்துவிட்டார். மறுபடி துடக்கு. பெட்டியை ஒரு பழைய பெட்சீற்றால் மூடி, சோபாவுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள் அம்மா.

“முப்பத்தொண்டு கழியாமல் உந்தப் பெட்டியை உடைக்கக் கூடாது.”

“அம்மா, அது ஹெட்போனிலைதான் கேக்கும். அடிக்கிற ஆளைத் தவிர ஒருத்தருக்கும் கேக்காது.”

“கேக்காட்டி? துடக்கு வீட்டிலை மேளம் அடிச்சா அடிச்சதுதான்.”

“செத்தது என்ரை அண்ணை” என்றார் அப்பா. “நானே ஒண்டும் சொல்லேல்லை. உமக்கென்ன?”

“நீங்கள் அண்டைக்கும் உப்பிடித்தான் சொன்னனியள். அவன் செவன் கிங்ஸுக்கு வெளிக்கிடேக்கை.”

அப்பா ரிமோட்டை எடுத்து ரிவியின் சத்தத்தைக் குறைத்தார். அது ஏற்கெனவே குறைவாகத்தான் இருந்தது.

தக்ஷிகா கலண்டரில் நாட்களை எண்ணினாள். முப்பத்தோராம் நாள் விழுந்தது, யனுஷன் வீட்டுக்கு வரும் அதே சனிக்கிழமையில். துடக்குக் கழித்த பிறகு பெட்டியைத் திறந்தால் அவன் வரும்போது எல்லாம் துண்டு துண்டாகத்தான் கிடக்கும். தாயின் பின்னாலேயே திரிந்து கெஞ்சினாள். கடைசியில் வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மா இறங்கி வந்தாள். துண்டுகளைப் பொருத்திப் பூட்டலாம். ஆனால் கரண்ட் கொடுக்கக் கூடாது. அடிக்கிறவரின் கதிரையில் இருக்கவும் கூடாது.

“முதல் அவன்தான் இருக்கோணும். நாளைக்கு வீடு கழுவி, மஞ்சள் தண்ணி தெளிச்ச பிறகு.”

சின்ன அறையில் அவள் வேலையைத் தொடங்கினாள். கம்பிச் சட்டத்தை நிமிர்த்தினாள். தாளத்தட்டுகளை மாட்டினாள். பெடலைப் பூட்டினாள். அடிக்கிறவர் இருக்கும் பக்கம் போக வேண்டாமென்று, கதிரையைப் பொலித்தீன் உறையோடு மூலையில் வைத்துவிட்டு, ட்ரம்ஸுக்கு முன்பக்கமாக, பார்க்க வந்த சனம் நிற்கும் பக்கமாக, முழந்தாளில் இருந்தே எல்லாம் செய்தாள். அம்மா இடைக்கிடை வந்து எட்டிப் பார்த்தாள். பெட்டியோடு வந்த விளக்கப் புத்தகத்தில் இருந்த படமோ கதிரையில் இருக்கிறவரின் கண்ணால் வரைந்த படம். தாளத்தட்டும் பெடலும் தங்கள் தங்கள் உருவத்தாலேயே இன்னதென்று தெரியும். மூன்று டொம்களும் அப்படியல்ல. மூன்றும் ஒரே அளவு, ஒரே கறுப்பு. எது உச்சம் எது அடி என்பதை, மொடியூல் என்கிற அந்தச் சின்னப் பெட்டிதான் வயரைப் பார்த்துத் தீர்மானிக்கும். வயர்களில் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒட்டியிருந்தது. படத்தில் இடது கைப்பக்கம் ஒன்று. அவள் தன் இடது கைப்பக்கம் ஒன்றைச் செருகினாள்.

முடித்ததும் கொப்பியில் ஒவ்வொன்றாகச் சரி போட்டாள். ‘ஒலி பார்த்தல்’ என்ற கடைசி வரியை மட்டும் வெறுமையாக விட்டாள். அம்மா குசினியில் நின்றாள். ஹெட்போன் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. ஒருமுறை கரண்ட் ஆளியைப் போட்டு, ஒருமுறை தட்டிப் பார்த்தால் யாருக்குத் தெரியப்போகிறது? கை நீளத்தான் பார்த்தது. துடக்கை அவள் நம்புகிறாளா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள். ஆனால் அம்மா சொன்னது பிழை என்று நிறுவ அவளிடம் ஒன்றும் இல்லை. அண்ணனின் விஷயத்தில் பரீட்சை செய்து பார்க்க அவளுக்குத் துணிவில்லை. கையை மடக்கிக்கொண்டு எழும்பினாள்.

சனிக்கிழமை விடிய வீடு கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, பெரியப்பாவுக்குப் படைக்கச் சமைத்தார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்த கையோடு, நின்றபடியே ஹெட்போனில் ஒருமுறை தட்டிப் பார்ப்பது என்று தக்ஷிகா நினைத்திருந்தாள். அதற்குள் வாட்டிலிருந்து அழைத்து, அவர் ஆயத்தமாக நிற்கிறார், இப்போதே கூட்டிப் போகலாம் என்றார்கள். அப்பா கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு ஓடினார். அம்மா அவளை வடை சுட நிறுத்தினாள். கையில் ஒட்டிய மாவைக் கழுவுவதற்குள் கதவு திறந்தது.

மருந்தால் யனுஷனின் முகம் ஊதியிருந்தது. நேரே சின்ன அறைக்குத்தான் போனான். வலைத்தோலை நகத்தால் சுண்டினான். எண்ணினான்.

“டொம் மூண்டு.”

“நீ கேட்டதுதானே.”

“நீயே பூட்டினனியோ?”

“ஓம். பிழையெண்டாச் சொல்லு அண்ணா.”

“இதிலை எங்கை பிழை வரப் போகுது? உன்ரை கையைக் கண்டா ஸ்குரூவே பயந்து நேரா நிக்கும்.”

பொலித்தீனைக் கழற்றிக் கதிரையைப் போட்டு இருந்தான். ஹெட்போனை மாட்டினான். அம்மா வாசலில் தட்டோடு நின்றாள். அப்பா அவளுக்குப் பின்னால், கார்த் திறப்பை இன்னும் கையில் பிடித்தபடி. தொடங்கினான்.

வெளியில் நின்றவர்களுக்குக் கேட்டதெல்லாம், தடி வலையில் விழும் சப் சப் என்ற சத்தமும் பெடலின் மெல்லிய மூச்சும்தான். முதலில் கை பயந்தது. பிறகு தோள் பழையதை நினைத்துக்கொண்டது. தலை மெல்ல ஆடத் தொடங்கியது. அம்மா கண்ணைத் துடைக்கக் கையில்லாமல், தட்டைத் தூக்கித் தோளால் துடைத்தாள். அப்போது யனுஷனின் இரண்டு கைகளும் இடமிருந்து வலமாக, மூன்று டொம்களின் மேலும் ஓடின.

நிறுத்தினான். தடிகள் அந்தரத்தில் நின்றன. மறுபடி ஓட்டினான், இம்முறை மெதுவாக. முதலாவதை ஒருமுறை தட்டினான். மூன்றாவதை ஒருமுறை தட்டினான். அசையாமல் இருந்தான். பிறகு ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு தங்கச்சியைப் பார்த்தான்.

“தக்ஷி, இப்ப அடிச்சது உனக்குக் கேட்டதோ?”

எப்போதும்போல அவள் உண்மையைத்தான் சொன்னாள். “இல்லை அண்ணா. தடி படுற சத்தம்தான் கேக்குது. வேறை ஒண்டும் எனக்குக் கேக்கேல்லை.” அதைச் சொல்லும்போது அவளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. பந்து மேடை வேலை செய்கிறது. கீழ்வீட்டுக்குக் கேட்கப் போவதில்லை.

“சரி” என்றான் யனுஷன்.

அந்தச் ‘சரி’ அவளுக்குத் தெரிந்த ‘சரி’. வாட்டில் எத்தனையோ தரம் கேட்டது. ஹெட்போனை ஒருக்கால் தா என்று கேட்க வாயெடுத்தாள். “வடை ஆறப் போகுது” என்றாள் அம்மா. அவன் மறுபடி அடிக்கத் தொடங்கினான். டொம்களைத் தொடவே இல்லை. விருந்துக்குப் போன வீட்டில் பிடிக்காத கறியை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுகிறவனைப்போல, மரியாதைக்குச் சற்று நேரம் அடித்தான். பிறகு ஹெட்போனைக் கழற்றி, அதன் வயரைச் சுற்றி, ஒழுங்காக வைத்தான்.

“நல்ல சாமான். நல்லாப் பாத்து வாங்கியிருக்கிறாய்.”

சாப்பாட்டில் பாதி வடையைத் தட்டில் விட்டான். வெயில் சாயும் முன்னமே அப்பாவிடம் போனான். “என்னைக் கொண்டுபோய் விடுங்கோ அப்பா.”

“நாளைப் பின்னேரம்தானே போகோணும்?”

“இல்லை. இண்டைக்கு. களைப்பாக் கிடக்கு.”

அம்மா அழத் தொடங்கினாள். “உங்கடை சமையலிலை ஒரு குறையும் இல்லை அம்மா” என்றான். தங்கச்சியின் தலையில் கையை வைத்து எடுத்தான். அவன் ஒன்றும் கேட்கவில்லை.

இன்று மாலை, வேறு எதைச் செய்வது என்று தெரியாமல், திங்கட்கிழமை வகுப்புக்கான பயிற்சியைச் செய்யலாம் என்று தக்ஷிகா அந்தக் கதிரையில் முதன்முதலாகப் போய் இருந்தாள். முதலாவது டொம்மிலிருந்து மூன்றாவதுக்கு ஒவ்வொன்றாக இறங்குவதுதான் பயிற்சி. தட்டினாள். அடியிலிருந்து உச்சத்துக்குப் போனது. தான் ஏதோ பிழையாக அடித்துவிட்டதாக நினைத்தாள். கையைப் பார்த்துப் பார்த்து மறுபடி அடித்தாள். மறுபடியும் ஏறியது. படியிறங்கி ஓடிவர வேண்டியவர் படியேறிப் போய்க்கொண்டிருந்தார்.

குனிந்து வயர்களைப் பார்த்தாள். பார்த்ததும் அண்ணன் அசையாமல் இருந்த அந்தக் கணம் முழுவதும் அவளுக்கு விளங்கியது. அவன் கேட்டது சரியாகக் கேட்டது. உலகத்திலேயே அதை அவ்வளவு விரைவாகப் பிடித்திருக்கக் கூடிய காது அவனுடைய காது. ஆனால் தக்ஷிகா பூட்டியதில் பிழை வராது என்று அவன் நம்பினான். தக்ஷிகாவையும் கேட்டான். அவள் இல்லை என்றாள். மிச்சம் இருந்தது அவனுடைய காது ஒன்றுதான்.

அவளுடைய கைகள் தாமாகவே இரண்டு வயர்களையும் கழற்றி மாற்றிச் செருகிவிட்டன. ‘டிக்’ என்று பூட்டிய பிறகுதான், அவனுக்குக் காட்டுவதற்கென்று இருந்த ஒரே அத்தாட்சியையும் அழித்துவிட்டோம் என்பது உறைத்தது.

வாட்டுக்கு அழைத்தாள். யனுஷன் நித்திரை என்றாள் நேர்ஸ். ஓசைகள் திரும்பவும் மாறிக் கேட்கத் தொடங்கிவிட்டன என்று நேற்று அவரே வந்து சொன்னார். தானாக வந்து சொன்னது நல்ல விஷயம். டொக்டர் மருந்தைக் கூட்டியிருக்கிறார். அடுத்த கிழமை வீட்டுக்கு விடுவது இப்போதைக்கு இல்லை.

அது ஓசை மாறியது அல்ல, வயர் மாறியது என்று தக்ஷிகா சொன்னாள். இரண்டாம் முறையும் சொன்னாள். விளங்குகிறது, எழுதி வைக்கிறேன் என்றாள் நேர்ஸ். நல்ல குரல்தான். கதவை உதைத்த பிறகும் எங்கள் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று சொல்கிற குடும்பங்களுடன் பேசிப் பழகிய குரல். ட்ரம்ஸைக் கொண்டுவந்து காட்டலாமா என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டாள். போன் சார்ஜர் வயரைக்கூட அந்த வாட்டுக்குள் கொண்டுபோக விடுவதில்லை.

குசினியில் அம்மாவிடம் போய்ச் சொன்னாள். “அம்மா, வயர் மாறிப்போச்சு. என்ரை பிழை.”

“வயராம்.” அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. “முப்பத்தொண்டு முடியமுன்னம் உன்னைப் பூட்ட விட்டன் பார். என்ரை பிழை.”

“இல்லை அம்மா, நான்—”

“ரெண்டு பேரும் என்ன, ஏலம் கேக்கிறியளோ?” என்றார் அப்பா, கதவடியில் நின்று. ஒருவரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

தக்ஷிகா அறைக்கு வந்து கொப்பியைத் திறந்தாள். பிழையை எழுதினாள். அதன் பிறகு ஒன்றும் ஓடவில்லை. நாளை அவனுக்கு முன்னால் இருந்து, நீ கேட்டது சரி அண்ணா, என்று சொன்னால் அவன் என்ன சொல்வான்? ‘அண்டைக்குக் கேக்கேல்லை எண்டனி’ என்பான். அன்று சொன்னதும் உண்மை, நாளை சொல்லப்போவதும் உண்மை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற எவருக்கும் ஒன்று பொய்யாகத்தான் தெரியும். இரக்கப்பட்டு வந்து சொல்கிறாள் என்று நினைப்பான். ‘சரி’ என்பான். அதற்குப் பிறகு ஃபான் சத்தம் கேட்கிறதோ என்றுகூடக் கேட்க அவனுக்கு ஒரு ஆளும் இருக்காது.

சொல்லாமல் விட்டாலோ, தன் காது தன்னைக் கைவிட்டுவிட்டது என்று நம்பிக்கொண்டே கிடப்பான்.

பக்கத்து அறையில் ட்ரம்ஸ் எல்லா வயரும் சரியாக, பந்து மேடையின்மேல் நின்றது. அவள் பேனாவை எடுத்து, கொட்வினின் சட்டப்படி கடைசி வரியை எழுதினாள்.

நாளை: வகுப்புக்குப் போவதில்லை. வேலை முடிந்து ஆறு மணிக்கு வாட்டுக்குப் போக வேண்டும். வயரை மாற்றிச் செருகியது நான் என்று அண்ணாவிடம் சொல்ல வேண்டும்.